கயிற்றைப் பிடித்தவரா, நாயை வளர்த்தவரா? அடுக்ககத்தில் ஒரு நாய்க்கடி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சி எல்லைக்குள் 64 வீடுகள் கொண்ட அடுக்ககம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் வளர்த்தது நான்கு வயது ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு. எடை 36 கிலோ. காலையும் மாலையும் அதைக் கீழே கூட்டிப்போவது வீட்டு வேலைக்கு வந்த 19 வயதுப் பெண்ணின் பொறுப்பு. பாத்திரம், பெருக்குதல், நாய் எல்லாம் சேர்த்து அவருக்கு மாதச் சம்பளம் 9,000 ரூபாய்.

கடிபட்டவர் அதே அடுக்ககத்தில் வசித்த 8 வயதுச் சிறுமி. எடை 22 கிலோ. சம்பவம் நடந்தது 2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில். ஆகவே பழைய இந்திய தண்டனைச் சட்டம் இதற்குப் பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும்.

நாய்க்கடிக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. குற்றவியல் பக்கம் இரண்டு பிரிவுகள் உண்டு. தன் கைவசம் உள்ள விலங்கால் உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ கவனக்குறைவாலோ போதிய தடுப்பைச் செய்யாமல் விடுவது 291ஆம் பிரிவின் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவான செயலால் காயம் ஏற்படுத்துவது 125ஆம் பிரிவில் வரும். சாதாரணக் காயம் என்றால் 125(ஏ), ஆறு மாதம் வரை சிறை. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று ஆண்டு வரை சிறை. இழப்பீடு கேட்பது உரிமையியல் வழக்கு. அதில் முக்கியக் கேள்வி: இந்த நாய் கடிக்கக்கூடியது என்று வளர்த்தவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தபின் என்ன செய்தார்?

"முதல் கடிக்குப் பொறுப்பில்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. முன்பு யாரையும் கடித்திராத நாயானாலும், அதைக் கூட்டிப்போன விதம் கவனக்குறைவானது என்றால் பொறுப்பு உண்டு. முன்பே கடிக்கப் பாய்ந்த நாய் என்று காட்ட முடிந்தால் வழக்கு வலுக்கும்.

சம்பவம்

மாலை 5.40. தரைத்தளத்தில் லிஃப்டுக்காகச் சிறுமி சுவரோரம் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் நாய் வெளியே வந்தது. பின்னால் வந்த பணிப்பெண்ணின் கையில் இருந்தது சுருளில் இருந்து நீளும் கயிறு. இழுக்க இழுக்க 5 மீட்டர் வரை வரும் வகை. பிடியில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால்தான் கயிறு நிற்கும். நாய் பாய்ந்தபோது பொத்தான் அழுத்தப்படவில்லை. வாய்மூடியும் இல்லை. வலது கன்னத்தில் 4 செ.மீ. கிழிசல், இடது முன்கையில் இரண்டு பல் பதிவுகள்.

முதல் நாள்: மருத்துவமும் ஒரு தவறான பதிவும்

பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தார்கள். காவலாளியும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் சிறுமியை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சை முறையாகவே நடந்தது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த மூன்றாம் வகைக் கடி என்பதால் தடுப்பூசியோடு ரேபீஸ் எதிர்ப்புப் புரதமும் தேவைப்பட்டது. குதிரையிடமிருந்து எடுக்கப்படும் எதிர்ப்புப் புரதம் கிலோவுக்கு 40 அலகு என்ற கணக்கில் 880 அலகு. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தப்பட்டது. தடுப்பூசி தோலுக்குள் இரண்டு இடங்களில் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடத் திட்டமிட்டார்கள். கன்னத் தையல் எதிர்ப்புப் புரதம் செலுத்தும் வரை நிறுத்திவைக்கப்பட்டது. கிழிசலை உடனே இறுக்கித் தைத்துவிட்டால் கிருமி ஆழத்தில் அடைபட வழியுண்டு. முகக் காயம் என்று பதறி அவசரப்படுத்துபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு.

தவறு நடந்தது விபத்துப் பதிவேட்டில். கூட வந்தவர் "நாய் கடிச்சிருச்சு" என்று மட்டும் சொல்ல, பணியில் இருந்தவர் "தெரு நாய் கடித்ததாக" என்று எழுதிவிட்டார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒரு தாள்தான் வழக்கின் முதல் ஆவணம். காயம் எப்படி ஏற்பட்டது என்று எதிரெதிர்க் கதைகள் வரும்போது நீதிமன்றம் முதலில் புரட்டிப்பார்ப்பது அதைத்தான். நான்காம் நாள் தந்தை எழுத்து மூலம் விண்ணப்பித்து, கூட வந்த காவலாளியின் கையொப்பமிட்ட விளக்கத்தையும் இணைத்துக் கொடுத்தார். பதிவேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தவும் கூடாது. விளக்கம் தனித்தாளாக நோயாளியின் கோப்பில் சேர்ந்தது.

இரண்டாம் நாள்: இருபதாயிரமும் ஒரு கடிதமும்

நாயை வளர்த்தவர் மருத்துவமனைக்கு வந்தார். "சார், பாப்பாவுக்கு ஆகுற செலவ நாங்க பாத்துக்குறோம். ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டாமே" என்று சொல்லி 20,000 ரூபாயைக் கையில் கொடுத்தார். சிறுமியின் தந்தை, "செலவுத் தொகை பெற்றுக்கொண்டேன், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அந்தக் குடும்பம் இருந்த மனநிலையில் இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை தையல் போட்ட கன்னத்தோடு படுத்திருக்கும்போது எதிரே நிற்பவர் மரியாதையாகப் பேசினால் யாரும் கையொப்பம் போடுவார்கள்.

அதற்குள் நாய் அடுக்ககத்தில் இல்லை. உறவினர் ஒருவரின் பண்ணைக்கு அனுப்பப்பட்டிருந்தது. கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் நாய் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் உமிழ்நீரில் ரேபீஸ் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நாய் எங்கே என்றே தெரியாமல் சிறுமியின் தாய் தவித்தது அத்தனை நாளும் நீடித்தது. கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்து நலம் என்று கொடுத்த சான்று வந்தது 11ஆம் நாள்.

காவல் நிலையத்தில்

மூன்றாம் நாள் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. தந்தையின் கடிதத்தைக் காட்டி, "சமாதானம் ஆயிடுச்சே" என்றார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல. 291ஆம் பிரிவு பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். அத்தகைய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்குப் பதிவுத் தபால் போனது. ஆறாம் நாள் 291, 125(ஏ) பிரிவுகளில் வழக்குப் பதிவானது.

ஆனால் குற்றம் சாட்டப்பட்டவராக எழுதப்பட்டது பணிப்பெண்ணின் பெயர். கயிறு அவர் கையில்தானே இருந்தது என்பது காரணம்.

இந்த நிகழ்வின் திருப்புமுனை இதுதான். 291ஆம் பிரிவு பேசுவது விலங்கைக் "கைவசம்" வைத்திருப்பவரைப் பற்றி. அதே சட்டத்தின் 3(3)ஆம் பிரிவு, ஒருவர் பொருட்டு அவருடைய வாழ்க்கைத்துணை, எழுத்தர் அல்லது வேலையாளிடம் இருக்கும் சொத்து அவர் கைவசமே இருப்பதாகும் என்கிறது. சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. சம்பளத்துக்கு நடத்திப்போகும் பெண்ணிடம் இருக்கும் நாய், எஜமானரின் கைவசம் இருக்கும் நாய்தான். இதை இரண்டு பக்க மனுவாக விசாரணை அதிகாரியிடம் கொடுத்தபின், நாயை வளர்த்தவர் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டார், பணிப்பெண் சாட்சியானார்.

இதற்கு நியாயத்தோடு நடைமுறைக் காரணமும் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்த முடியாது. அது அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பு. அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தால், வீட்டுக்குள் நடந்ததை அறிந்த ஒரே ஆளின் வாய் மூடியிருக்கும். சாட்சியாக நீதித்துறை நடுவர் முன் அவர் சொன்ன ஒரு வரி: "லிஃப்ட்ல யாராச்சும் இருந்தா ஏத்தாத, படியில கூட்டிட்டுப் போன்னு அக்கா சொல்லிருக்காங்க." எச்சரிக்கை சொல்லத் தெரிந்தவருக்கு ஆபத்தும் தெரிந்திருந்தது.

சான்றுகள் திரட்டிய விதம்

அடுக்ககத்தின் சிசிடிவி பெட்டி 15 நாளுக்கு ஒருமுறை பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். தந்தை முதலில் செய்தது, திரையில் ஓடியதைத் தன் கைபேசியில் படம்பிடித்தது. நேரம் சரியாகத் தெரியவில்லை, திரையின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அது நகலின் நகல், சான்றாக நிற்பது கடினம். எட்டாம் நாள் சங்கச் செயலாளர் முன்னிலையில் மூலக்கோப்பையே பென்டிரைவில் எடுத்தார்கள். பெட்டியின் தயாரிப்பு எண், கோப்பின் பெயர், அதன் ஹாஷ் மதிப்பு (கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) ஆகியவை குறிக்கப்பட்டன. பெட்டியின் கடிகாரம் 7 நிமிடம் முந்தி ஓடுவதையும் அன்றே எழுதிவைத்தார்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4)ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழின் ஏ பகுதியைப் பதிவைத் தருபவர் தரப்பும், பி பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் போய்ச் சேரும் பென்டிரைவுகள் நீதிமன்றங்களில் ஏராளம்.

41 விநாடிப் பதிவு. முன்வாசல் தரை ஓடு ஒவ்வொன்றும் 60 செ.மீ. கடித்த கணத்தில் படத்தை நிறுத்தி எண்ணினால், பணிப்பெண்ணின் பாதத்துக்கும் நாயின் முன்கால்களுக்கும் நடுவே ஐந்து ஓடுகள். அதாவது 3 மீட்டர். "நாய் கயிற்றில்தான் இருந்தது" என்ற வாதத்துக்கு இந்த ஐந்து ஓடுகளே பதில். 36 கிலோ நாய்க்கு 3 மீட்டர் ஓடி வேகம் பிடிக்க இடம் கொடுக்கும் கயிறு, கட்டுப்படுத்தும் கயிறு அல்ல. பொதுவழியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளாத பட்டைக் கயிறுதான் பிடிப்பவரின் கைக்குள் நாயை வைக்கும்.

யார்மேல் வழக்கு, எங்கே, எவ்வளவு

இழப்பீட்டு வழக்கில் கணவன், மனைவி இருவரும் எதிர்மனுதாரர்கள். நாயை வாங்கியது கணவர். கடிக்குப் பின் ஐந்தாம் நாள் மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்தது மனைவி. ஒருவரை மட்டும் சேர்த்தால் "நாய் என்னுடையதல்ல" என்று தப்ப இடமிருந்தது. வீட்டு உரிமையாளரைச் சேர்க்கவில்லை. நாய்மேல் அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. குடியிருப்போர் சங்கத்தைச் சேர்க்க வேண்டும் என்று குடும்பம் வற்புறுத்தியது, ஏனென்றால் மூன்று மாதம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் இந்த நாயைப் பற்றி முறையீடு வந்திருந்தது. ஆனால் செல்லப்பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடுக்க முடியாது, நாயும் அதன் கைவசம் இல்லை. சங்கத்தை எதிரியாக்கினால் சிசிடிவியும் முறையீடும் தடையின்றிக் கிடைக்காது. சாட்சியாக வைப்பதே பயன் என்று முடிவானது. பணிப்பெண்மேல் உரிமையியல் வழக்கும் இல்லை. வேலையின்போது வேலையாள் செய்த கவனக்குறைவுக்கு எஜமானர் பொறுப்பு.

சிறார் என்பதால் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அழைத்தார்கள். எதிர்த்தரப்பு இரண்டு அமர்வுக்கும் வரவில்லை. அதன்பின் தந்தையை அடுத்த நண்பராக, அதாவது சிறார் சார்பில் வழக்கை நடத்துபவராகக் கொண்டு, சிறுமியின் பெயரில் வழக்கு தாக்கலானது. காலவரம்பு மூன்று ஆண்டு. சிறாருக்கு அது 18 வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்கும். இருந்தும் காத்திருக்கவில்லை. சாட்சியான பணிப்பெண் ஊர் மாறிப்போனால் பத்தாண்டு கழித்துத் தேடிப்பிடிக்க முடியாது.

கோரிய தொகை: சிகிச்சை ரசீதுகள் 91,300 ரூபாய், வடுவைச் சீர்செய்யும் அறுவைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மதிப்பீடு 1,40,000, பெற்றோரின் ஊதிய இழப்பும் பயணமும் 38,700, வலி, வேதனை, முகத்தின் மாற்றத்துக்கு 3,80,000. மொத்தம் 6,50,000. அதன்மேல் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம் 19,500.

பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு பல் பதிவுக்குக் குறைந்தது 10,000 ரூபாய், தசை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்று சொல்லியிருந்தது. தந்தை அந்தக் கணக்கில் 4,20,000 என்று போட்டு வந்திருந்தார். வழக்கின் அடிப்படையாக அதை வைக்கவில்லை. அந்த உத்தரவு தெருவில் திரியும் விலங்குகளால் வரும் பாதிப்புக்கு அரசு தர வேண்டிய இழப்பீடு குறித்தது, தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. கன்னக் காயமும் கிழிசல், தசை பிய்ந்த காயம் அல்ல. ஒப்பீட்டுக்கு மட்டும் மேற்கோள் காட்டப்பட்டது.

எதிர்த்தரப்பின் பதிலும் தடுப்பூசிப் புத்தகமும்

சட்ட அறிவிப்புக்கு வந்த பதிலில் நான்கு வாதங்கள். கடித்தது தெரு நாயாக இருக்கலாம் (விபத்துப் பதிவேட்டைக் காட்டி). சிறுமி நாயைச் சீண்டினாள். தவறு பணிப்பெண்ணுடையது. நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் போடப்பட்டிருக்கிறது.

முதல் மூன்றையும் சிசிடிவியும் வாக்குமூலமும் கவனித்துக்கொண்டன. நான்காவதை நிரூபிக்க எதிர்த்தரப்பே நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைத் தாக்கல் செய்தது. ஊசிகளின் ஒட்டுச்சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் பக்கத்தின் மேல் ஓரத்தில், கடிக்கு எட்டு மாதம் முன்பான தேதியில், கால்நடை மருத்துவர் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார்: வாய்மூடி போட்ட பிறகே கையாளவும். ஊசி போட்டபோது உதவியாளர் கையைப் பற்றியதால் எழுதிய குறிப்பு அது. தடுப்பூசி, நாய்க்கு ரேபீஸ் வரும் வாய்ப்பு குறைவு என்பதைத்தான் காட்டும். கடிக்காது என்பதைக் காட்டாது. அந்தப் பக்கம் காட்டியதோ, கடிக்கும் என்று வளர்த்தவருக்குத் தெரியும் என்பதை.

காயம் சாதாரணமா, கொடுமையா

முதல் காயச் சான்றிதழ் "சாதாரணக் காயம்" என்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் கொடுங்காயத்தின் எட்டு வகைகள் உண்டு. தலை அல்லது முகத்தின் நிரந்தர உருக்குலைவு ஒன்று. 15 நாள் கடும் வலியில் இருப்பது அல்லது வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போவது மற்றொன்று. பழைய சட்டத்தில் இது 20 நாள். சிறுமி 17 நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று வருகைப்பதிவு காட்டியது. ஐந்தாம் மாதம் அறுவை மருத்துவர் வடுவை அளந்து, 3.6 செ.மீ., நிரந்தரமானது என்று இறுதிக் கருத்துக் கொடுத்தார். இதன் பிறகே பிரிவு 125(பி) ஆக மாறியது.

முடிவு

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு 13ஆம் மாதம் சமரசமானது. ஏற்கெனவே கொடுத்த 20,000 போக 4,40,000 ரூபாய். சிறார் தரப்புச் சமரசத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை 7ஆம் விதிப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், அது முன்கூட்டியே பெறப்பட்டது. இரண்டாம் நாள் தந்தை எழுதிய கடிதம் சிறுமியின் உரிமையைக் கட்டுப்படுத்தாமல் போனதும் அவள் சிறார் என்பதால்தான். செலவுக்காகப் பெற்றோருக்கு 1,10,000. மீதி 3,30,000 சிறுமிக்கு 18 வயதாகும் வரை அரசு வங்கியில் வைப்புத்தொகை. வடு அறுவைக்கு அதிலிருந்து எடுக்க மனு செய்யலாம். நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

125(பி) குற்றச்சாட்டு நீதிமன்ற அனுமதியோடு சமரசமானது. 291 சமரசத்துக்கு உட்பட்டதல்ல. வளர்த்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் அபராதம் செலுத்தினார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விபத்துப் பதிவேட்டில் சொல்ல வேண்டிய வாக்கியம் முன்பே தெரிந்திருந்தால் மூன்று மாத வாதம் மிச்சம்: யார் வளர்க்கும் நாய், எந்த இடம், எத்தனை மணி, கயிறோ வாய்மூடியோ இருந்ததா. யார் கூட்டிப்போனாலும் மருத்துவமனையில் இந்த நான்கையும் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்க வேண்டும்.

பணம் வாங்குவது தவறில்லை. "இடைக்காலச் சிகிச்சைச் செலவுக்காக, பிற உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதி வாங்க வேண்டும். கடிபட்டவர் பெரியவர் என்றால் அந்த வெள்ளைத் தாள் கடிதம் வழக்கையே முடித்திருக்கக்கூடும்.

வாட்ஸ்அப் முறையீட்டை அனுப்பியவர் பிறகு அழித்துவிட்டார். இன்னொருவர் கைபேசியில் மிஞ்சியதால்தான் கிடைத்தது. பாயும் நாயைப் பார்த்தவர்கள் தேதியோடு கடிதமாகச் சங்கத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கியிருந்தால் வளர்த்தவருக்கு அது எட்டியிருக்கும், ஒருவேளை கடியே நடந்திருக்காது.

காயத்தின் புகைப்படங்கள் முதல் வாரத்துக்குப் பின் எடுக்கப்படவில்லை. 0, 7, 30, 90, 180ஆம் நாட்களில் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருந்தால் வடுவின் அளவைப் பற்றி இரண்டு தவணை விவாதம் வந்திருக்காது.

வளர்த்தவர் பக்கம் மாற வேண்டியதும் இருக்கிறது. சிவப்பு மையில் குறிப்பு எழுதப்பட்ட அன்றே வாய்மூடி வாங்கியிருக்க வேண்டும். 36 கிலோ நாயைப் பயிற்சி இல்லாத 19 வயதுப் பெண்ணிடம் சுருள் கயிற்றோடு ஒப்படைத்திருக்கக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் ஊரைவிட்டு நகர்த்தாமல், கால்நடை மருத்துவர் பெயரையும் எண்ணையும் முதல் நாளே சிறுமியின் தாயிடம் கொடுத்திருக்க வேண்டும்.